கரிசல் வெடிப்புக்குள் இறங்கும் மருந்து

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் பத்திரிகையில் காரணம் ஒரே வரியில் முடிந்துவிடும்: மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது. அதற்குக் கீழே இறந்தவர்கள் எத்தனை பேர், தரைமட்டமான அறைகள் எத்தனை, போர்மேன் கைது, நிவாரணத் தொகை. நாலு நாளில் செய்தி நின்றுவிடும். எரிந்த மருந்தைப் பொறுத்தவரை அப்போது பாதிக் கதைகூட முடிந்திருக்காது. புகையாய்ப் போனது எங்கே படிந்தது, எரியாமல் சிதறியது எவர் புஞ்சையில் கிடக்கிறது, ஐப்பசி மழையில் அது எந்தக் கிணற்றுக்கு இறங்கும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

முதலில் அந்த உராய்வைப் பார்த்துவிடலாம். காரணம் பொய்யில்லை, அரைகுறை. கோவில்பட்டித் தீப்பெட்டி ஒன்றை எடுத்து உரசினால் நடப்பதும் அதேதான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித்தூள், இவற்றைப் பிடித்துவைக்க வச்சிரம். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். உரசும் சூட்டில் துளியளவு சிவப்புப் பாஸ்பரஸ் வெள்ளைப் பாஸ்பரஸாக மாறிக் காற்றில் பற்றுகிறது, குளோரேட் ஆக்சிஜனைக் கொடுக்கிறது, கந்தகம் எரிகிறது, தீ குச்சிக்குத் தாவுகிறது. பற்றவைக்கும் பொருளைப் பெட்டியிலும் எரியும் பொருளைக் குச்சியிலுமாகப் பிரித்து வைத்ததுதான் 19-ஆம் நூற்றாண்டில் சுவீடன்காரர்கள் செய்த கெட்டிக்காரத்தனம். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்து இந்த வானம் பார்த்த பூமியில் ஊன்றியது அந்தத் தொழிலைத்தான். மழை குறைவு, வெயில் அதிகம், விவசாயம் நிச்சயமில்லை. குச்சி காய்வதற்கும் ஆள் கிடைப்பதற்கும் இதைவிடத் தோதான ஊர் ஏது?

உராய்வில் வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்பதை விளக்கியவர்களில் முக்கியமானவர்கள் கேம்பிரிட்ஜின் பவுடனும் யோஃபேயும். இரண்டு பொருள்கள் உரசும்போது வெப்பம் பரப்பு முழுவதும் பரவுவதில்லை. மேடும் பள்ளமுமான பரப்பில் உண்மையில் தொட்டுக்கொள்ளும் சில முனைகளில் மட்டும், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்கு, பல நூறு டிகிரி ஏறுகிறது. அந்த முனை எவ்வளவு சூடாகலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உரசும் இரண்டில் எது முதலில் உருகுமோ, அதன் உருகுநிலைதான் அந்த வரம்பு. மெத்தென்ற பொருள் உருகித் தப்பித்துவிடும். குவார்ட்ஸ் மணல் உருக ஏறத்தாழ 1,700 டிகிரி வேண்டும். ஆகவே மருந்தில் விழுந்த ஒரு மணல் துகள், சலிக்கும்போதோ கையால் பிசையும்போதோ, வெறும் மருந்தைவிடப் பல மடங்கு ஆபத்தானது. ஆடிக் காற்றில் புழுதி பறக்கும் நாட்டில், நான்கு பக்கமும் கதவு திறந்த அறையில், தரையில் உட்கார்ந்து மருந்து சலிப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அறை ஓரத்தில் செம்புத் தகடு பதித்து, தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வது உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்க. நைலான் சேலை கூடாது, பருத்திதான் என்பதும் அதற்கே.

குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் எவ்வளவு முரட்டுத்தனமானது என்பது அரசுக்கும் தெரியும். 1992-இல் மத்திய அரசு இந்தக் கலவை கொண்ட வெடிபொருள்களைத் தடைசெய்தது. விதிவிலக்குப் பெற்றவற்றில் ஒன்று தீக்குச்சித் தலை. பட்டாசுக்கு ஆகாதென்று விலக்கிய கலவையைக் கோவில்பட்டி, கழுகுமலைத் தீப்பெட்டி ஆபீஸ்களில் இன்றும் அன்றாடம் கையாளுகிறார்கள். ஈரக்குழம்பாக, வச்சிரத்தோடு கலந்து, குச்சிமுனையில் கொஞ்சமாக வைப்பதால்தான் அது அடங்கிக் கிடக்கிறது. காய்ந்த பிறகுதான் கஷ்டம். தீப்பெட்டித் தொழிலில் நெருப்பு பிடிப்பது காய்ந்த குச்சியை அடைக்கும் இடத்திலும் கழிவுக் குச்சி குவிந்த மூலையிலும்.

பட்டாசுக்கு வேறு சமையல். வெடியுப்பு என்கிற பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள். பேன்சி ரகங்களுக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட்டும், பச்சை நிறத்துக்குப் பேரியம் நைட்ரேட்டும். தொழிலாளர்கள் பேரியம் நைட்ரேட்டைப் பச்சை உப்பு என்பார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை போட்டது.

பயர் ஆபீஸ் என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறைக்குள் போகாதவர்கள் நெருப்புக்கு எதிரி தண்ணீர் என்று நினைக்கலாம். ஆனால் அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் கலந்து வைத்த மருந்தில் ஈரம் பட்டால், உலோகம் தண்ணீரோடு மெல்ல வினைபுரியத் தொடங்கும். ஹைட்ரஜன் வரும், நைட்ரேட் சிதைந்து அமோனியா வரும். அமோனியா காரத்தன்மையைக் கூட்ட, காரம் வினையை வேகப்படுத்தும். உள்ளேயே வெப்பம் தேங்கி, யாரும் தொடாமலே மருந்து பற்றிக்கொள்ளும். பாத்திரத்தைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி அடித்தால் அந்த அறையை விட்டு ஓடுவதுதான் புத்தி. சிறிது போரிக் அமிலம் சேர்ப்பது இந்தக் காரத்தை அடக்க. கலந்த மருந்தை இரவு தங்கவைக்கக் கூடாது, அன்றைக்குக் கலந்ததை அன்றே தீர்க்க வேண்டும் என்ற விதியின் காரணமும் இதுதான். சனிக்கிழமை மிச்சம் வைத்த மருந்தைத் திங்கள் காலை தொடுகிறவருக்கு அந்த விதி வெறும் காகிதமில்லை.

விதிகள் நல்லவைதான். அறைக்கும் அறைக்கும் இடைவெளி, ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, குறித்த அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது. ஓர் அறை போனால் அதோடு போகட்டும் என்ற கணக்கு. ஆர்டர் குவியும் மாதங்களில் உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் மரத்தடியிலும் நடைபாதையிலும் ஆள்கள் உட்காரும்போது இந்த இடைவெளி மருந்தால் நிரம்பிவிடுகிறது. அப்புறம் ஒரு அறையின் தீப்பொறி அடுத்த அறைக்கு நடந்தே போகலாம்.

2012 செப்டம்பர் 5, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டி. முதலில் பற்றியபோது அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆள்கள் ஓடினார்கள். உள்ளே வேலைபார்த்தவர்கள் அவர்களுடைய சொந்தக்காரர்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்? அவர்கள் நெருங்கியபோது சேமிப்புக் கிடங்கு வெடித்தது. அன்று இறந்த ஏறத்தாழ 40 பேரில் கணிசமானவர்கள் அந்த ஆலையில் வேலையே பார்க்காதவர்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் என்று அன்றைக்குச் சிலர் சொன்னதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. தீ விபத்தில் முதலில் ஓடிவருகிறவர் எப்போதும் அடுத்த வீட்டுக்காரர்தான். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், மருந்துக் கிடங்கு எந்தப் பக்கம் என்று அவருக்கு யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

புகை கொல்வது வேறு விதம். 2016 அக்டோபர் 20-ஆம் தேதி சிவகாசி நகருக்குள்ளேயே ஒரு பட்டாசுக் கிடங்கில் தீ பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கிடங்கில் இல்லை. பக்கத்து ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்து மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசுப் புகையில் கந்தக டை ஆக்சைடு உண்டு; அது ஈரமான மூச்சுக்குழாயில் அமிலமாகிறது. கூடவே பொட்டாசியம் உப்புகள், அலுமினிய ஆக்சைடு, பேரியம் சேர்மங்கள் எல்லாம் மயிரிழையைவிடப் பல மடங்கு மெல்லிய தூசாக. அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் எரிந்த கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம். வெட்டவெளியில் இந்தப் புகை சில மணி நேரத்தில் கலைந்துவிடும். மூடிய கட்டடத்துக்குள் அப்படியில்லை. வெடித்த ஆலையைவிட ஊருக்குள் எரிந்த கிடங்கு ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

புகை கலைந்த பிறகு மண். இங்கேதான் கரிசலின் குணத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கோவில்பட்டியில் 1901-லிருந்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் இயங்குவதே இந்த மண்ணின் மானாவாரிப் பயிரைப் புரிந்துகொள்ளத்தான். கரிசலில் பெரும்பங்கு மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண். அதன் தகடுகளுக்கிடையே தண்ணீர் புகுந்தால் உப்பும், வற்றினால் சுருங்கும். கோடையில் புஞ்சையில் நடந்தால் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்புகள், சில இடங்களில் இடுப்பளவு ஆழத்துக்கு. ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். களித்தகடுகளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டம் கொண்ட அயனிகளை, அதாவது பொட்டாசியத்தை, பேரியத்தை, அது கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண்ணில் சுண்ணாம்பு நிறைய, காரத்தன்மை அதிகம். புகையிலிருந்து விழும் கந்தக அமிலம் இந்தச் சுண்ணாம்பில் நடுநிலையாகி ஜிப்சமாகிவிடும். பேரியம், மண்ணிலும் சாம்பலிலும் உள்ள சல்பேட்டைச் சந்தித்தால் பேரியம் சல்பேட்டாகப் படியும். அது தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் ஆஸ்பத்திரியில் குடிக்கக் கொடுக்கும் வெள்ளைப் பால் அதுதான். பாதி எரிந்த பச்சை உப்பு, சல்பேட்டைச் சந்திக்கும் முன்பு, மேல்மண்ணில் கிடக்கும் வாரங்களில் ஆடு மேய்ந்தாலோ குழந்தை அள்ளி விளையாடினாலோ அது நஞ்சுதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் பார்த்தால் கரிசல் பேரியத்தைக் கட்டிப்போடுகிறது. இந்த அளவில் இந்த மண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எதிர்மின்னூட்ட அயனிகளிடம் அதே களிமண் கைவிரித்துவிடுகிறது. நைட்ரேட்டையும் பெர்குளோரேட்டையும் அது தள்ளிவிடும், பிடிக்காது. இரண்டும் தண்ணீரில் நன்றாகக் கரைபவை. சாதாரணச் செம்மண்ணாக இருந்தால் மழைநீர் மெல்ல ஊறி இறங்கும், வழியில் வேரும் நுண்ணுயிரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கரிசலில் முதல் மழைத் தண்ணீர் ஊறுவதில்லை. வெடிப்பின் வாயில் விழுந்து, மேலே கிடந்த சாம்பலையும் மருந்துத் துகளையும் வாரிக்கொண்டு நேராகக் கீழே போகிறது. நாலைந்து நாள் மழைக்குப் பிறகு மண் உப்பி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்குள் போக வேண்டியது போயிருக்கும். கீழே இருப்பது பாறை. பாறைப் பிளவுகளில் தேங்கும் நீரைத்தான் நம் கிணறுகள் தொடுகின்றன. செப்டம்பரில் நடந்த ஒரு விபத்துக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் நடுவே சில வாரங்கள்தான் இருக்கின்றன. மேல்மண்ணைச் சுரண்டி எடுப்பதற்கு இருக்கும் அவகாசமும் அவ்வளவுதான்.

பெர்குளோரேட் குடிநீரில் ஏன் வேண்டாம்? தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடைடை இழுக்க ஒரு புரதத்தை வாசலில் வைத்திருக்கிறது. உருவிலும் மின்னூட்டத்திலும் அயோடைடை ஒத்த பெர்குளோரேட் வந்தால், அந்தப் புரதம் ஏமாந்து அதற்கு ஏறத்தாழ 30 மடங்கு அதிக நாட்டம் காட்டுகிறது. நைட்ரேட்டும் இதே வேலையைச் செய்யும். வலு மிகக் குறைவு, ஆனால் தண்ணீரில் அதன் அளவு பெரிது. அயோடின் போதுமான அளவு உண்ணும் பெரியவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைக்கும் அப்படியில்லை. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2009-இல் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்று ஓர் ஆலோசனை வரம்பு வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 70. நம்முடைய குடிநீர்த் தரநிர்ணயத்தில் பேரியத்துக்கும் நைட்ரேட்டுக்கும் வரம்பு உண்டு, பெர்குளோரேட்டுக்கு இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்களும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டாசு ஆலைகள் சூழ்ந்த சிவகாசிப் பகுதியின் சில நிலத்தடி நீர் மாதிரிகளில் இந்த அமெரிக்க வரம்பைப் பல மடங்கு தாண்டிய அளவுகள் காணப்பட்டன.

பெரிய விபத்து மட்டுமே இதற்குக் காரணமென்று சொன்னால் அது நியாயமாகாது. நன்றாக எரிந்த பெர்குளோரேட் வெறும் பொட்டாசியம் குளோரைடாகிவிடும், எரியாததுதான் மிச்சம். ஆலை வளாகத்தில் நாள்தோறும் குழியில் போட்டுக் கொளுத்தும் கழிவு மருந்து, கழுவி ஊற்றும் தண்ணீர், செயலிழக்கச் செய்வதாகச் சொல்லி நனைத்துக் கொட்டும் பழைய சரக்கு, இவை சத்தம் போடாமல் நடக்கும் வேலைகள். வெடிவிபத்து இவற்றையெல்லாம் ஒரே நாளில், சுற்றிலும் சில நூறு மீட்டருக்கு, இறைத்துவிடுகிறது.

அணைக்க ஊற்றும் தண்ணீரும் இதில் சேர்த்தி. 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேதிப்பொருள் கிடங்கு எரிந்தபோது, அணைத்த தண்ணீர் பூச்சிமருந்துகளைக் கரைத்துக்கொண்டு ரைன் ஆற்றில் கலந்தது. ஆறு சிவந்தது, விலாங்குகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வேதிப்பொருள் கிடங்குகளில் தீயணைப்பு நீரைப் பிடித்துவைக்கத் தொட்டி கட்டும் வழக்கம் ஐரோப்பாவில் அதற்குப் பிறகுதான் பரவலானது. இங்கே ரைன் இல்லை, வைப்பாறு இருக்கிறது. சாத்தூரைக் கடந்து விளாத்திகுளம் வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகும் அது வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், அதில் கலப்பது கண்ணுக்குத் தெரிவதுமில்லை.

ஆறுதலான செய்தி ஒன்று கண்மாய்ச் சேற்றில் இருக்கிறது. பிராணவாயு இல்லாத, மக்கிய தழை நிறைந்த சகதியில் வாழும் சில பாக்டீரியாக்கள் பெர்குளோரேட்டை மூச்சுக்குப் பயன்படுத்திக்கொண்டு அதைச் சாதாரணக் குளோரைடாக்கிவிடும். நைட்ரேட் நிறைய இருந்தால் முதலில் அதைத்தான் தொடும். ஆகவே தூர்ந்து போகாத, தண்ணீர் நிற்கும் கண்மாய் ஊருக்கு இந்த வகையிலும் காவல். ஆழ்குழாய்க் கிணற்றின் பாறை நீரில் இந்த உதவி கிடைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. நீர் ஆவியாக, பெர்குளோரேட் செறிவாகும். ஆர்.ஓ. இயந்திரம் பெருமளவு பிரித்துவிடும், பிரித்ததைக் கழிவு நீராகப் பின்பக்கம் வாய்க்காலில் விட்டுவிடும். கேன் தண்ணீர் வாங்குகிறவர் தப்பித்தார், கேன் தண்ணீர்க் கம்பெனிக்குப் பக்கத்துக் கிணற்றுக்காரர் தப்பவில்லை.

இனி மனிதர்கள். தீக்காயத்தில் முதல் 24 மணி நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. உடல் எடை கிலோவுக்கு, வெந்த பரப்பு ஒவ்வொரு சதவீதத்துக்கு, 4 மில்லிலிட்டர் திரவம் இரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு 60 சதவீதம் வெந்திருந்தால் 12 லிட்டர். அதில் பாதியை, ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து கணக்கிடாமல், வெந்த நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குச் சாத்தூரிலிருந்து சுமார் 70 கி.மீ. ஆம்புலன்ஸ் வண்டியிலேயே பாட்டில் ஏறத் தொடங்கியதா என்பதில் சிறுநீரகம் பிழைப்பதும் பிழைக்காததும் இருக்கிறது.

பிழைத்தவருக்கு அப்புறம் விரல் மடங்காது. திரி வைக்கவும் பெட்டி ஒட்டவும் பழகிய கை, வேறு வேலைக்கும் ஆகாது. இந்த வட்டாரத்தில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் போன காலம் ஒன்று இருந்தது; 1991-இல் சிவகாசியில் 39 பேரைக் கொன்ற விபத்துச் செய்தியைத் தானாக எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம் 1996-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றிய தீர்ப்பை அளித்தது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் அவர்களுடைய அம்மாக்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், மகளிர் குழுக் கடன் தவணை நிற்கவில்லை. ஒரு விபத்து நடந்தால் சோதனைக்கு அதிகாரிகள் வருவார்கள் என்று சுற்றியிருக்கும் ஆலைகள் சில வாரம் பூட்டிக்கொள்ளும். கூலி போன அந்த வாரங்களில்தான் வேலை வீட்டுக்கு வருகிறது. அடுக்களைக்கும் தூளிக்கும் பக்கத்தில் பட்டாசுக்கான கருந்திரி தயாராகிறது. அங்கே செம்புத் தகடு கிடையாது, நான்கு பக்கக் கதவு கிடையாது. ஓர் ஆலை விபத்தைத் தொடர்ந்து வரும் வீட்டு விபத்துகளை நாம் தனித்தனிச் செய்தியாகவே படித்துவிடுகிறோம்.

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13-ஆம் தேதி பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தார்கள். ஒரு குடியிருப்பே அழிந்தது. சில வாரங்களுக்குள் அங்கே வசித்தவர்களிடமும் மீட்புப் பணியாளர்களிடமும் இரத்தமும் சிறுநீரும் எடுத்து உலோகங்களைச் சோதித்தார்கள். ஆண்டுக்கணக்கில் அதே மக்களின் தூக்கம், மூச்சு, மனநிலை எல்லாவற்றையும் பின்தொடர்ந்தார்கள். பணக்கார நாடு, செய்கிறது என்று சொல்லித் தள்ளிவிடலாம். நம்மால் ஆகிற காரியமும் இருக்கிறது. வெடித்த இடத்திலிருந்து சரிவான பக்கம் உள்ள நாலு கிணற்றில் தண்ணீர் எடுத்து, மாவட்டக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் வழக்கமாகப் பார்க்கும் நைட்ரேட்டையாவது பார்க்கலாம். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் அதில் இருக்கும் என்பதால் ஒரு தடவை எடுத்தால் போதாது. விபத்து நடந்த வாரத்தில் ஒன்று, கார்த்திகை மழை நின்ற பிறகு ஒன்று, சரிவுக்கு எதிர்ப்பக்கக் கிணற்றில் ஒப்பிட ஒன்று. ஏறியிருந்தால் அந்த மாதிரிகளை மட்டும் பெர்குளோரேட் சோதனைக்கு அனுப்பலாம். போலீஸ் பந்தல் பிரிப்பதற்கு முன்பே, கருகிய மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வழித்து எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடிவைக்க ஒரு ஜேசிபி போதும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஜேசிபி அந்தக் கரிசலுக்குள் இறங்காது.